எஸ்எஸ்டியில் பார்ட்டிஷன் பிரித்தல்: முதன்முறையாக ஓஎஸ் நிறுவுவோருக்கு ஒரு வழிகாட்டி

பழைய மடிக்கணினியின் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் எஸ்எஸ்டியை, அதாவது சுழலும் பாகமில்லாத சிப் வகைச் சேமிப்பகத்தை, பொருத்துவது திருநெல்வேலி வட்டாரத்தில் இன்று சாதாரணமாக நடக்கும் வேலை. 2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் வள்ளியூரிலும் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், அவற்றையும் அவற்றின் வயதையொட்டிய மற்ற கணினிகளையும் வைத்திருப்போர் வேறொரு ஓஎஸ் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. எஸ்எஸ்டியைப் பொருத்துவது சில திருகுகளின் வேலைதான். அதன் பிறகு, எந்த டிஸ்க்கில், எந்தப் பார்ட்டிஷனில் (டிஸ்க்கைப் பிரித்த பகுதியில்) நிறுவ வேண்டும் என்று கேட்டு ஒரு திரை வருகிறதே, அங்கேதான் புதியவர்கள் கையைப் பிசைகிறார்கள். அந்தத் திரையில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எவ்வளவு இடம் எதற்கு என்பதை இக்கட்டுரை வரிசையாகச் சொல்கிறது.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹார்டு டிஸ்க் காலத்தில் சி, டி, இ, எஃப் என்று சம அளவில் பிரித்துக் கொடுத்த வழக்கத்தை எஸ்எஸ்டிக்கு அப்படியே கொண்டுவரக்கூடாது. 256 ஜிபி எஸ்எஸ்டியில் சி-க்கு 80 ஜிபி மட்டும் ஒதுக்கி, மீதியை இரண்டாக வெட்டித் தரும் கடைகள் இன்றும் இருக்கின்றன. ஓராண்டுக்குள் சி டிரைவின் கோடு சிவப்பாகிவிடும். டி-யில் பாதி இடம் காலியாகக் கிடந்தாலும் அது சி-க்கு உதவாது. பார்ட்டிஷன் குறைவாக இருக்க வேண்டும். இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

எஸ்எஸ்டிக்குள் என்ன நடக்கிறது

ஹார்டு டிஸ்க்கில் ஒரு தட்டு சுழல்கிறது. படிக்கும் முனை அதன் மேல் நகர்கிறது. தட்டின் வெளி விளிம்பில் வேகம் அதிகம், உள்ளே குறைவு. எனவே ஓஎஸ்ஸை முதல் பார்ட்டிஷனில் சிறிதாக அடக்கி வைத்தால் முனை அதிக தூரம் அலைய வேண்டாம் என்பதில் அன்று பொருள் இருந்தது. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, அலையும் முனையும் இல்லை. நீங்கள் சி-யில் எழுதினாலும் டி-யில் எழுதினாலும், உள்ளிருக்கும் கன்ட்ரோலர் சிப் அந்தத் தரவை எல்லா ஃபிளாஷ் சிப்களிலும் பரப்பித்தான் வைக்கிறது. ஒரே இடம் மீண்டும் மீண்டும் தேயாமல் இருப்பதற்காக இடத்தை மாற்றிக்கொண்டும் இருக்கிறது. ஆகவே எஸ்எஸ்டியில் பார்ட்டிஷன் என்பது எண்களால் குறித்த ஒரு எல்லை மட்டுமே. சி ஒரு சிப்பிலும் டி வேறொரு சிப்பிலும் இருப்பதாக நினைத்துக்கொண்டு, சி கெட்டாலும் டி பிழைக்கும் என்று நம்புவது மிகவும் ஆபத்தானது. கன்ட்ரோலர் செயலிழந்தால் எல்லாப் பார்ட்டிஷன்களும் ஒரே நேரத்தில் போய்விடும்.

ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவது சிறு பக்கங்களாகவும், அழிப்பது பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதிகளாகவும் நடக்கிறது. நீங்கள் ஒரு கோப்பை நீக்கும்போது, ‘இந்த இடம் இனித் தேவையில்லை’ என்று ஓஎஸ் எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கிறது. இதற்கு டிரிம் என்று பெயர். டிரிம் கிடைத்தவுடன் அந்த இடத்தைக் கன்ட்ரோலர் தன் வசதிப்படி உண்மையாகவே துடைத்து வைத்துக்கொள்ளும். வேகத்துக்கு இது நல்லது. தவறுதலாக நீக்கியவருக்கு இது கேடு. ஹார்டு டிஸ்க்கில் பார்ட்டிஷனை அழித்த பிறகும் மீட்பு மென்பொருளை ஓட்டிப் புகைப்படங்களைத் திரும்பப் பெற முடிந்ததைப் பலர் பார்த்திருப்பார்கள். எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கையை வைக்க வேண்டாம். ஃபார்மட் செய்யும்போதே பார்ட்டிஷன் முழுவதற்கும் டிரிம் அனுப்பும் மென்பொருள்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு மீட்புக் கடைக்கு எடுத்துச் சென்றாலும் அவர்கள் படிப்பதற்கு அங்கே எதுவும் இருக்காது.

தொடங்கும் முன்

அதனால் பேக்கப் எடுப்பதே முதல் படி. எஸ்எஸ்டி புத்தம் புதியதாக, காலியாக இருந்தாலும், பழைய டிஸ்க்கில் இருப்பதை வேறோர் இடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணங்கள், படங்கள் இருக்கும் கோப்புறைகளை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள், மறப்பது மற்றவைதான். டிடிபி வேலை செய்பவர்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களை சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து எடுத்துவைக்க வேண்டும். அவை இல்லாமல் பழைய கல்யாணப் பத்திரிகைக் கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். டேலி வைத்திருப்பவர்கள் தரவு எந்தப் பாதையில் சேமிக்கப்படுகிறது என்பதை மென்பொருளுக்குள்ளேயே பார்த்துக்கொள்ளுங்கள். டி-யில்தான் இருக்கும் என்று அனுமானிக்க வேண்டாம், அது சி-யிலேயே இருப்பதும் உண்டு. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், வைஃபை கடவுச்சொல், டெஸ்க்டாப்பில் போட்டுவைத்த கோப்புகள் எல்லாமே சி-யைச் சேர்ந்தவை.

எடுத்த பிரதியை அதே மேசை இழுப்பறையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை கடந்து வந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. தரைத்தளத்தில் ஒரே அறையில் கணினியும் பேக்கப் டிஸ்க்கும் இருந்தால் ஒரே தண்ணீரில் இரண்டும் போகும். ஒரு பிரதி மாடியிலோ, உறவினர் வீட்டிலோ, இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும்.

அடுத்தது மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை எந்தப் பகுதிக்கு எந்த நாள் என்பது நாளிதழ்களில் முன்கூட்டியே வருகிறது. அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாலை நேரத்து இடிமழையின்போதும் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். காலியான எஸ்எஸ்டியில் நிறுவும்போது மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம், பெரிய இழப்பில்லை. தரவு இருக்கும் பார்ட்டிஷனின் அளவை மாற்றும்போது போனால் அந்தப் பார்ட்டிஷனே சிதைந்துபோகக்கூடும். மடிக்கணினியின் பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காத நிலையில் இருந்தால், அதை டெஸ்க்டாப் போலவே கருதி யூபிஎஸ்ஸில் இணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரை நம்புபவர்கள் அதன் பின்புறம் உள்ள பொத்தானை யூபிஎஸ் மோடில் வைத்திருக்கிறார்களா என்று பார்க்கவும். சாதாரண மோடில் மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்தக் கண நேரத்திலேயே டெஸ்க்டாப் அணைந்து எழலாம்.

விண்டோஸ் ஏற்கெனவே இருக்கும் கணினி என்றால் இன்னும் ஒன்று பாக்கி. செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் (டிஸ்க்கில் உள்ள தரவைப் பூட்டிவைக்கும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், 48 இலக்கங்கள் கொண்ட அதன் மீட்புச் சாவியை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பூட் அமைப்பில் (கணினி எழும் முறையில்) சிறு மாற்றம் நேர்ந்தாலும் கணினி அந்தச் சாவியைக் கேட்டு நின்றுவிடும். சாவி இல்லையென்றால் தரவும் இல்லை.

யூஇஎஃப்ஐயா, பழைய பயாஸா

கணினி எழும்போது முதலில் இயங்கி ஓஎஸ்ஸை ஏற்றும் உள்மென்பொருளின் பழைய வகை பயாஸ், புதிய வகை யூஇஎஃப்ஐ. டிஸ்க்கில் எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று குறித்துவைக்கும் பார்ட்டிஷன் அட்டவணையிலும் இரண்டு வகை உண்டு. எம்பிஆர் என்பது 1983-இல் ஐபிஎம் பிசியின் டாஸ் 2.0-உடன் வந்தது, அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்கள் மட்டுமே இருக்க முடியும், வழக்கமான 512 பைட் செக்டர்களைக் கொண்ட டிஸ்க்கில் 2 டிபிக்கு மேல் கணக்கில் வராது. ஜிபிடி என்பது யூஇஎஃப்ஐ கணினிகளுக்கானது. விண்டோஸில் 128 பார்ட்டிஷன்கள் வரை இடம் தரும். அட்டவணையின் இன்னொரு பிரதியை டிஸ்க்கின் கடைசியிலும் வைத்துக்கொள்வதால், முதல் பிரதி சிதைந்தாலும் மீட்க வழி இருக்கிறது. உங்கள் கணினி யூஇஎஃப்ஐயில் இயங்கக்கூடியதாக இருந்தால் ஜிபிடியையே தேர்ந்தெடுங்கள். இதில் இரண்டாவது யோசனைக்கு இடமில்லை.

விண்டோஸில் இருக்கும்போதே சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்னும் கருவியைத் திறந்து, பயாஸ் மோடு என்ற வரியைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ என்றிருந்தால் நல்லது. லெகஸி என்றிருந்தால், கணினி தொடங்கும்போது பயாஸ் அமைப்புக்குள் சென்று யூஇஎஃப்ஐ பூட் என்ற தேர்வு இருக்கிறதா என்று பார்க்கலாம். பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய சில மடிக்கணினிகளில் அது இருக்காது, அல்லது இருந்தும் சரியாக வேலை செய்யாது. அவற்றில் எம்பிஆர் போதும். அத்தகைய கணினி விண்டோஸ் 11-இன் தேவைகளையும் நிறைவு செய்யாது. விண்டோஸ் 11 யூஇஎஃப்ஐ, நம்பகமான பூட் மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சிப், குறைந்தது 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவற்றைக் கேட்கிறது. எனவே அங்கே லினக்ஸ் என்னும் இலவச ஓஎஸ்ஸின் வகைகளான மின்ட், உபுண்டு போன்ற ஒன்றை நிறுவுவதே நேர்மையான வழி.

நிறுவுவதற்கான பென் டிரைவைத் தயாரிக்கும்போதும் இந்த வேறுபாடு தொடரும். ரூஃபஸ் மென்பொருளில் பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில், யூஇஎஃப்ஐ கணினிக்கு ஜிபிடி என்றும் பழைய பயாஸுக்கு எம்பிஆர் என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. ‘டிஸ்க் ஜிபிடி வகையைச் சேர்ந்தது, இதில் விண்டோஸை நிறுவ முடியாது’ என்ற அறிவிப்பு நிறுவும்போது வந்தால், எஸ்எஸ்டியில் குறை எதுவும் இல்லை. பென் டிரைவ் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகியிருக்கிறது என்று பொருள். கணினியை மறுபடி தொடங்கி, பூட் பட்டியலில் அதே பென் டிரைவின் பெயர் யூஇஎஃப்ஐ என்ற சொல்லுடன் இருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

வேறு டிஸ்க்குகளைக் கழற்றிவிடுங்கள்

டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் ஒரு கேடியை (டிஸ்க்கைப் பொருத்தும் சட்டகம்) போட்டுப் பழைய ஹார்டு டிஸ்க்கையும் வைத்துக்கொள்வது நம் ஊரில் பரவலாக உள்ள ஏற்பாடு. ஏற்பாடு நல்லதுதான், ஆனால் ஓஎஸ் நிறுவும் நேரத்தில் அந்தக் கேடி உள்ளே இருக்கக்கூடாது. காரணம் இரண்டு. 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் 512 ஜிபி எஸ்எஸ்டியும் திரையில் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். தவறான ஒன்றை அழித்தால் திரும்பப் பெற வழி கடினம். இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. விண்டோஸ் நிறுவி, பூட் கோப்புகளை நீங்கள் தேர்ந்தெடுத்த எஸ்எஸ்டியில் வைக்காமல், பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் பூட் பார்ட்டிஷனில் வைத்துவிடக்கூடும். எல்லாம் நன்றாக ஓடும். ஒரு நாள் பழைய டிஸ்க் கெட்டுப்போகும், அல்லது யாராவது அதைக் கழற்றுவார்கள்; புதிய எஸ்எஸ்டி நலமாக இருந்தும் கணினி எழாது. டெஸ்க்டாப் என்றால் பழைய டிஸ்க்கின் சாட்டா கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை இது. நிறுவி முடித்த பிறகு மீண்டும் இணைத்துக்கொள்ளலாம்.

எதற்கு எவ்வளவு

திரையில் தெரியும் அளவைக் கண்டு திகைக்க வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் கணக்கிடுவதால், 256 ஜிபி எஸ்எஸ்டி சுமார் 238 ஜிபி என்றும், 512 ஜிபி சுமார் 477 என்றும், 1 டிபி சுமார் 931 என்றும் தெரியும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக இதில் ஒன்றுமில்லை.

256 ஜிபிக்குள் விண்டோஸ் மட்டும் என்றால், பிரிக்கவே வேண்டாம். முழுவதும் ஒரே சி-யாக இருக்கட்டும். 512 ஜிபியில், கடையிலோ அலுவலகத்திலோ பலர் கைபடும் கணினியாக இருந்து, அவ்வப்போது ஓஎஸ்ஸை மட்டும் அழித்து மறுபடி போட வேண்டியிருக்கும் என்றால், சி-க்கு 200 ஜிபி கொடுத்துவிட்டு மீதியை டி-யாக வைப்பது பயனுள்ளது. டி என்பது மறுநிறுவலின்போது கோப்புகளை நகர்த்தாமல் காப்பதற்கான வசதி மட்டுமே. அது பேக்கப் ஆகாது. மாணவர் ஒருவர் தனக்கென்று வைத்திருக்கும் மடிக்கணினியில் அந்தப் பிரிவுகூடத் தேவையில்லை என்பதே என் கருத்து.

256 ஜிபியில் லினக்ஸ் மட்டும் என்றால், பூட் கோப்புகளுக்கான இஎஸ்பி 512 எம்பி, ஓஎஸ்ஸும் மென்பொருள்களும் இருக்கும் ரூட் 60 ஜிபி, மீதி முழுவதும் உங்கள் கோப்புகளுக்கான ஹோம் என்று வையுங்கள். லினக்ஸ் மின்ட் குறைந்தபட்சம் 20 ஜிபி கேட்கிறது. ஆனால் ஃபிளாட்பேக் வகை மென்பொருள்கள், பழைய கெர்னல்கள் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி), புதுப்பிப்புகள் எல்லாம் ரூட்டில்தான் குவியும் என்பதால் 20 ஜிபியில் நிறுத்திக்கொள்வது பின்னால் துன்பம் தரும். ஹோம் தனியாக இருந்தால், மற்றொரு லினக்ஸுக்கு மாறும்போது ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்து உங்கள் கோப்புகளை அப்படியே விட்டுவிடலாம்.

ரேம் நிரம்பும்போது டிஸ்க்கில் பயன்படும் ஸ்வாப் இடம் பற்றி ஒரு பயம் உலவுகிறது: எஸ்எஸ்டியில் ஸ்வாப் வைத்தால் அது தேய்ந்துவிடும் என்று. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாம்சங் 870 ஈவோ 250 ஜிபி எஸ்எஸ்டிக்கு அதன் தயாரிப்பாளர் உறுதியளிக்கும் எழுதும் அளவு 150 டிபி. நாள்தோறும் 20 ஜிபி எழுதினாலும் அந்த எல்லையை எட்ட 7,500 நாட்கள், அதாவது 20 ஆண்டுகள் ஆகும். எனவே ஸ்வாப்பைத் தவிர்க்க வேண்டியதில்லை. உபுண்டுவும் மின்ட்டும் தாமாகவே ஒரு ஸ்வாப் கோப்பை உருவாக்கிக்கொள்வதால் தனிப் பார்ட்டிஷனும் பெரும்பாலோருக்கு அவசியமில்லை. ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்னேட் வேண்டும் என்பவர்கள் மட்டும், ரேமின் அளவுக்குச் சற்று மேலாக, 8 ஜிபி ரேமுக்கு 9 அல்லது 10 ஜிபி ஸ்வாப் பார்ட்டிஷன் வைக்கலாம். செக்யூர் பூட் இயங்கும் பல லினக்ஸ் அமைப்புகளில் ஹைபர்னேட் தடுக்கப்பட்டிருக்கும் என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: எஸ்எஸ்டியைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். 10 முதல் 15 சதவீதம் காலியாக இருந்தால் கன்ட்ரோலருக்குத் துடைத்து வைத்த இடம் கிடைக்கும். எழுதும் வேகம் குறையாது. இதற்காகப் பார்ட்டிஷன் போடாத வெற்றிடம் விட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். டிரிம் சரியாக இயங்கினால், பார்ட்டிஷனுக்குள்ளே காலியாக இருந்தாலும் பயன் அதேதான்.

விண்டோஸ் மட்டும் நிறுவுதல்

பென் டிரைவிலிருந்து பூட் செய்து, மொழி, விசைப்பலகை போன்றவற்றைக் கடந்தால் டிஸ்க் பட்டியல் வரும். எஸ்எஸ்டி அங்கே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். இன்டெல் கணினிகள் பலவற்றில் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்னும் சேமிப்பக அமைப்பு இயங்குவதால் இது நேரும். மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதற்கான டிரைவரைப் பென் டிரைவில் போட்டு, லோடு டிரைவர் பொத்தானின் மூலம் ஏற்றினால் தெரியும். பயாஸில் அதை அணைத்துவிடுவது இன்னொரு வழி. ஏற்கெனவே அதே அமைப்பில் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் இருந்தால், முன்னேற்பாடின்றி அணைத்தால் அது எழாது என்பதால் காலியான எஸ்எஸ்டிக்கு மட்டுமே இவ்வழியைப் பரிந்துரைப்பேன்.

புதிய எஸ்எஸ்டி ‘அன்அலகேட்டட் ஸ்பேஸ்’ என்று ஒரே வரியாகத் தெரியும். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் என்பதை அழுத்தினால் போதும். 100 எம்பி அளவில் ஒரு சிஸ்டம் பார்ட்டிஷன், 16 எம்பி அளவில் ஒரு ரிசர்வ்டு பார்ட்டிஷன், பெரிய சி, ஒரு ரிகவரி பார்ட்டிஷன் ஆகியவற்றை விண்டோஸ் தானே அமைத்துக்கொள்ளும். பார்ட்டிஷன்களின் தொடக்கத்தை 1 எம்பி எல்லைகளில் ஒழுங்காக வைப்பதையும் அது பார்த்துக்கொள்ளும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் 63-ஆவது செக்டரிலிருந்து தொடங்கியதால் நேர்ந்த ஒழுங்கின்மை விஸ்டாவுக்குப் பிறகு இல்லை. டி தேவைப்படுவோர் நியூ பொத்தானை அழுத்தி, சி-க்கான அளவை எம்பியில் கொடுக்க வேண்டும்: 200 ஜிபி என்பது 204800. மீதியை அப்படியே விட்டுவிட்டு, நிறுவி முடித்த பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி-யாக ஆக்கிக்கொள்ளலாம்.

ரிகவரி பார்ட்டிஷனை வீண் என்று கருதி நீக்குபவர்கள் உண்டு. நீக்க வேண்டாம். விண்டோஸ் எழாதபோது பழுது பார்க்கும் கருவிகள் அங்கேதான் இருக்கின்றன. 2024 ஜனவரியில் வந்த ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு, அந்தப் பார்ட்டிஷன் சிறிதாக இருந்த கணினிகளில் நிறுவப்படாமல் நின்றது. அதை 250 எம்பி பெரிதாக்கும்படி மைக்ரோசாஃப்ட் வழிகாட்டியது. ஆனால் அது சி-க்கு அடுத்தாற்போல் இருப்பதால், பின்னால் காலி இடம் இருந்தாலும் எக்ஸ்டெண்ட் வால்யூம் என்ற தேர்வு மங்கிக் கிடக்கும். சி-யை முதலிலேயே தாராளமாக வைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விண்டோஸுடன் லினக்ஸையும் நிறுவுதல்

முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ். வரிசையை மாற்றினால் விண்டோஸ் பூட் வரிசையில் தன்னை முன்னால் வைத்துக்கொள்ளும். லினக்ஸ் காணாமல் போனதுபோல் தோன்றும்.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணையுங்கள். அது இயங்கும்போது ‘ஷட் டவுன்’ என்பது முழு நிறுத்தம் ஆகாது. சி-யின் கோப்பு முறைமை பாதி திறந்த நிலையில் உறைந்திருக்கும். அந்நிலையில் லினக்ஸிலிருந்து அதில் எழுத முயன்றால் சேதம் நேரலாம். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி-யின் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, ஷ்ரிங்க் வால்யூம் மூலம் தேவையான இடத்தை விடுவியுங்கள். 100 ஜிபிக்கு 102400 என்று கொடுக்க வேண்டும். போதிய காலி இடம் இருந்தும் மிகக் குறைவாகவே சுருக்க முடிகிறது என்றால், நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் இருக்கின்றன. ஹைபர்னேட், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் ஆகியவற்றைத் தற்காலிகமாக அணைத்து, மறுதொடக்கம் செய்து மீண்டும் முயலுங்கள். விடுவித்த இடத்தில் விண்டோஸிலேயே புதிய பார்ட்டிஷன் உருவாக்க வேண்டாம், வெற்றிடமாகவே விடுங்கள். பழைய எம்பிஆர் டிஸ்க்கில் ‘டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா’ என்று கேட்டால், ஒப்புக்கொள்ளவே கூடாது. மாற்றிவிட்டால் லினக்ஸை நிறுவுவது சிக்கலாகிவிடும்.

சுருக்குவதும் நீட்டுவதும் வலப்பக்க எல்லையில் நடந்தால் எளிது. ஒரு பார்ட்டிஷனின் இடப்பக்க எல்லையை, அதாவது தொடக்கத்தை நகர்த்துவது, பிசான நெல் நட்டு முடித்த வயலில் வரப்பை மாற்றிப் போடுவதைப் போன்றது: நாற்று முழுவதையும் பிடுங்கி மறுபடி நட வேண்டும். உள்ளிருக்கும் தரவு அனைத்தும் இடம் மாற வேண்டியிருப்பதால் மணிக்கணக்கில் ஆகும், நடுவில் தடைபட்டால் கெடும். எனவே ஜிபார்ட்டெட் போன்ற கருவியில் அத்தகைய வேலையைத் தவிர்த்து, இடத்தைத் தொடக்கத்திலேயே சரியாக ஒதுக்கிவிடுங்கள்.

லினக்ஸ் மின்ட்டின் நிறுவியில் ‘சம்திங் எல்ஸ்’ என்பதையும், உபுண்டுவின் புதிய நிறுவியில் ‘மேனுவல்’ என்பதையும் தேர்ந்தெடுத்தால் பார்ட்டிஷன் பட்டியல் வரும். வெற்றிடத்தைத் தேர்ந்தெடுத்து, 60 ஜிபி அளவில் இஎக்ஸ்டி4 என்னும் லினக்ஸ் கோப்பு முறைமை வகையில் ஒன்றை உருவாக்கி, மவுன்ட் பாயின்ட்டாக (அந்தப் பார்ட்டிஷன் லினக்ஸில் இணையும் இடமாக) ரூட்டைக் குறிக்கும் சாய்கோட்டைக் கொடுங்கள். மீதியில் அதே வகையில் இன்னொன்றை உருவாக்கி, ஹோம் என்று கொடுங்கள். அடுத்தது மிக முக்கியம். விண்டோஸ் ஏற்கெனவே உருவாக்கிய 100 எம்பி இஎஸ்பியைத் தேர்ந்தெடுத்து, ‘இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷனாகப் பயன்படுத்து’ என்று மட்டும் குறிக்க வேண்டும். ஃபார்மட் என்ற கட்டத்தில் டிக் இருக்கக்கூடாது. அதை ஃபார்மட் செய்தால் விண்டோஸின் பூட் கோப்புகள் போய்விடும். சி-யில் எல்லாம் இருந்தும் விண்டோஸ் எழாது. மின்ட், உபுண்டு இரண்டுமே கெர்னல்களை இஎஸ்பியில் வைப்பதில்லை, பூட் ஏற்றியை மட்டுமே வைக்கின்றன என்பதால் 100 எம்பி போதும்.

பழைய பயாஸ் கணினியில் ஜிபிடி டிஸ்க்கில் லினக்ஸ் நிறுவுவோருக்கு இஎஸ்பிக்குப் பதிலாக 1 எம்பி அளவில், ஃபார்மட் செய்யாத பயாஸ் பூட் பார்ட்டிஷன் ஒன்று தேவை. எம்பிஆர் என்றால் அதுவும் வேண்டாம்.

‘இன்ஸ்டால் நவ்’ என்பதை அழுத்தினால், எந்தெந்தப் பார்ட்டிஷன்கள் மாறப்போகின்றன, எவை ஃபார்மட் ஆகப்போகின்றன என்று ஒரு பட்டியல் வரும். அதுவரை நீங்கள் செய்தவை எல்லாம் திட்டம் மட்டுமே. டிஸ்க்கில் எதுவும் எழுதப்படவில்லை. அந்தப் பட்டியலைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, வரி வரியாகப் படியுங்கள். விண்டோஸ் பார்ட்டிஷனின் வகையான என்டிஎஃப்எஸ் என்று எங்காவது ஃபார்மட் பட்டியலில் இருந்தால் பின்னால் போய்விடுங்கள். உடன் யாராவது இருந்தால் அவரையும் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். இன்னொரு கண் கண்டுபிடிக்கும் பிழைகள் அதிகம்.

நிறுவிய பிறகு

டிரிம் இயங்குகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் ‘டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ என்று தேடித் திறந்தால், சி-க்கு எதிரே ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்றும் வாரந்தோறும் என்றும் இருக்க வேண்டும். ஹார்டு டிஸ்க் என்று தவறாகக் காட்டினால் அதைச் சரிசெய்யாமல் விடக்கூடாது. உபுண்டுவிலும் மின்ட்டிலும் வாரம் ஒருமுறை டிரிம் செய்யும் வேலை தானாகவே அமைந்திருக்கும். டி பிரித்தவர்கள் டாக்குமென்ட்ஸ் கோப்புறையின் பிராப்பர்ட்டீஸில் லொக்கேஷன் என்ற தாவலில் பாதையை டி-க்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கோப்புகள் வழக்கம்போல் சி-யிலேயே சேரும், பிரித்ததற்குப் பயன் இருக்காது.

கழற்றி வைத்த பழைய ஹார்டு டிஸ்க்கை இப்போது மீண்டும் இணைக்கலாம். ஆனால் அதை உடனே ஃபார்மட் செய்ய வேண்டாம். ஒரு மாத காலம் புதிய அமைப்பில் வழக்கமான வேலைகள் எல்லாவற்றையும் செய்து பாருங்கள்: மாதக் கணக்கை முடியுங்கள், ஒரு பழைய பத்திரிகைக் கோப்பைத் திறந்து அச்சிடுங்கள், கல்லூரி ஒப்படைப்பு ஒன்றை அனுப்புங்கள். விட்டுப்போன எழுத்துருவும், நினைவுக்கு வராத கோப்புறையும் அப்போதுதான் தெரியவரும். அவற்றை எடுத்துக்கொண்ட பின், பேக்கப் பிரதியையும் ஒருமுறை திறந்து சரிபார்த்துவிட்டு, பழைய டிஸ்க்கை அழியுங்கள்.